மஞ்சள் சவுக்காரம்

என் வீட்டுக்காரர் மஞ்சளாகத் தொடங்கியதை முதலில் கவனித்தது நான் இல்லை. முன்பாதி வீட்டு அம்மாள்தான்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில், ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் வீட்டின் சொந்தக்கார அம்மாள் இருந்தார். மலாக்கா செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு இருக்கும், வாசல் நிலையில் மாவிலை தொங்கும், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். ஒரு காலை நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்து சிரித்தார்.

"லாக்கி லு மாச்சாம் பெங்கந்தின்," என்றார். உன் புருஷன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான் என்று அர்த்தம். நலங்கு வைத்து மஞ்சள் பூசின மாதிரி இருக்கிறாராம்.

நானும் சிரித்து வைத்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். உள்ளங்கை, முழங்கை வரை, கழுத்து, காதோரம் எல்லாம் மஞ்சள். முன்னந்தலை முடி செம்பட்டையாகியிருந்தது. தினமும் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிற எனக்கு அது தெரியவில்லை. அந்த வருஷங்களில் எனக்குப் பல விஷயங்கள் தெரியாமலேதான் போயின. கண் பார்க்கும், மனசுக்குள் எதுவும் போகாது.

நான் அப்போது வெளிவீடுகளுக்குத் துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த சில குடும்பங்கள் மூட்டை கட்டி அனுப்பும். வெள்ளைச் சட்டைகள், மேசை விரிப்புகள், பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு. இவருடைய சட்டையைத் தனியாகத்தான் ஊறவைப்பேன். அப்படியும் ஒருநாள் வாளியை மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு துரையம்மாவின் வெள்ளை விரிப்பு முழுக்க எலுமிச்சம்பழ நிறத்தில் திட்டுத்திட்டாக ஏறிவிட்டது. நீலம் போட்டேன், வெயிலில் புல்லின்மேல் விரித்துப் போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன். போகவில்லை. அந்த வீட்டு வேலை போயிற்று. அதற்கும் நான் வருத்தப்பட்டதாக நினைவில்லை.

அவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருஷமாகியும் குண்டுகள் தீர்ந்தபாடில்லை. செங் பக்கம் ஒரு கித்தாக் காட்டுக்குள், ரப்பர் மரங்களுக்கு நடுவே, பீரங்கிக் குண்டுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. வெள்ளைக்காரன் ஓடும்போது விட்டது பாதி, ஜப்பான்காரன் தோற்றபோது விட்டது பாதி. அந்த இரும்பையும் பித்தளையையும் எடுத்துக்கொள்ள ஒரு காண்ட்ராக்டருக்கு பெர்மிட் கிடைத்தது. இரும்பை விற்கவேண்டும் என்றால் முதலில் உள்ளே இருக்கிற மருந்தை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்குத்தான் ஆள் தேவைப்பட்டது. ஒரு தகரக் கொட்டகை போட்டு, சுற்றிலும் முள்கம்பி கட்டி, நான்கைந்து பேரை வைத்து வேலை நடந்தது.

இவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் சயாம். ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய் ரயில் ரோடு போடவைத்த ஆட்களில் இவரும் ஒருவர். அங்கே மலையை உடைக்க வெடிமருந்துப் பெட்டிகளைத் தலையில் சுமந்து ஏறியிருக்கிறார். காண்ட்ராக்டரின் ஆள், "பயமில்லையா?" என்று கேட்டானாம். "அங்க சுமந்தேன். இங்க உக்காந்து செய்யறது. என்னா பயம்?" என்று இவர் சொன்னாராம். அவ்வளவுதான், வேலை கிடைத்துவிட்டது.

அந்த மருந்தை அவர்கள் மஞ்சள் சவுக்காரம் என்பார்கள். பார்ப்பதற்குத் துணி துவைக்கிற பார் சோப்பு மாதிரியேதான் இருக்குமாம். அவ்வளவாக வாசனையும் கிடையாது. கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்பார். வேலைக்குப் போன புதிதில் ஒருநாள் பசியாறும்போது எனக்கு அதை விளக்கினார்.

"சுத்தியால தட்டுனாக்கூட சும்மா கெடக்கும் புள்ள. மெழுகு மாரி. அதான் பட்டாளத்துக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு. லோரியில ஏத்தலாம், கப்பல்ல போடலாம், வருஷக்கணக்கா வச்சிருக்கலாம். மழையில நனைஞ்சாலும் கெடாது. அத எழுப்பி வுடறதுக்கு வேற ஒண்ணு வேணும்."

"அப்ப அதுனால ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் அது போதுமாக இருந்தது. குண்டு என்றால் வெடித்துச் சாகவேண்டும், வெடிக்கவில்லை என்றால் பிழைத்துக்கொண்டோம். வேறு மாதிரியும் ஒன்று இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சில மாதங்களில் சாப்பாடு கசக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். குழம்பில் வெந்தயம் அதிகம் என்றார். வெந்தயத்தை நிறுத்தினேன். கீரை கசக்கிறது என்றார், கீரையை நிறுத்தினேன். ஒருநாள் வெறும் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்துவிட்டு, "இதுல என்னாத்தப் போட்ட?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார்.

"சோறுங்க. வெறும் சோறு."

"கசக்குதே."

நான் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். கசக்கவில்லை. தட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அந்த நாட்களில் அவர் உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது. தலைவலி என்பார், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவார். மறுநாள் லோரி சத்தம் கேட்டதும் எழுந்து போவார்.

அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்கு யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று எங்கே பார்த்தாலும் சோதனை. வெடிமருந்தோடு பிடிபட்டால் தூக்கு வரைக்கும் போகலாம் என்று பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட சமயத்தில் கடலோரக் கம்பத்தில், ஒரு மலாய்க் கிராமத்தில், ஒரு மீன்பிடிக்காரனின் கை போய்விட்டது. மீன் கூட்டத்தின் நடுவே வெடி போட்டு, மிதந்து வருவதை அள்ளிக்கொள்வது அப்போது அந்தப் பக்கம் நடந்த காரியந்தான். யுத்தத்தில் மிஞ்சிய மருந்து அதற்கும் பயன்பட்டது. யாரோ ஓர் ஆளிடம் வாங்கினேன், ஆள் முகம் தெரியாது என்று அந்த மனிதன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான்.

மறுநாள் மத்தியானம், கொட்டகையில் வேலை செய்தவர்கள்மேல் சந்தேகப்பட்டு, எங்கள் வீட்டுக்கும் போலீஸ் வந்தது. மாத்தா-மாத்தா என்று போலீஸை மலாயில் சொல்லிக் கத்திக்கொண்டு, விரட்டிய கோழிகள் மாதிரி பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஓடின. ஒரு பஞ்சாபி சார்ஜனும் இரண்டு மலாய்க் காவலர்களும். அரிசிப் பீப்பாயைக் கவிழ்த்தார்கள், சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள், கூரைத் தகரத்தின் இடுக்கில் கை விட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் சார்ஜன் தலையணையை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உறை மஞ்சளாக இருந்தது. இவர் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். சார்ஜன் இவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, மலாயில் கேட்டார்.

"இது என்ன?"

"வேலை செய்யிற எடத்துல ஒட்டுனது."

"வீட்டுக்குக் கொண்டுவந்தாயா?"

"கையில ஒட்டுனத எப்டிங்க வுட்டுட்டு வர்றது?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார். ஆனாலும் கூட்டிக்கொண்டு போனார்கள். தலையணை உறையையும் எடுத்துக்கொண்டார்கள். வண்டியில் ஏறும்போது, "காண்ட்ராக்டர்கிட்ட சொல்லு, பெர்மிட்ட எடுத்துக்கிட்டு வரச் சொல்லு," என்றார். நான் தலையாட்டினேன். கவிழ்ந்துகிடந்த அரிசியை முறத்தில் அள்ளி, கல் பொறுக்கி, பீப்பாயில் கொட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். செட்டி அம்மாள் வாசலில் நின்று, "அழுதுவிடு, நல்லது," என்று மலாயில் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று நினைத்துப் பார்த்தேன், அப்படியும் வரவில்லை.

காண்ட்ராக்டரின் ஆள் உடனே வரவில்லை. நான் போலீஸ் ஸ்டேஷன் வெளித் திண்டில் போய் உட்கார்ந்துகொள்வேன், சாயங்காலம் வீட்டுக்கு வருவேன், காலையில் மறுபடியும் போவேன். ஒருவழியாக அவன் பெர்மிட்டோடு வந்து, தன் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு, இவரை வெளியே விடச் சொன்னான். மருந்தை யார் விற்றது என்று கடைசிவரை தெரியவே இல்லை.

இவர் லாக்கப்பிலிருந்து வெளியே வந்து, என்னைப் பார்த்து, "வா போலாம்" என்றார். படி இறங்கும்போது அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பஞ்சாபி சார்ஜன் ஓடிவந்து அவர் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். வெள்ளை விழி வெள்ளையாக இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு," என்றார். போலீஸ் வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார். தலையணை உறையை மடித்து என் கையில் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். உயரமானவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார்.

"நீங்கள் ஆர்? பெண்சாதியோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இவர் என்ன வேலை செய்யிறவர்?"

சொன்னேன். டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னையும் உட்காரச் சொன்னார். அந்தக் காலத்தில் டாக்டர்கள் நம்மை உட்காரச் சொல்வதில்லை. அதனாலேயே ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துக்கொண்டேன்.

"தோல் மஞ்சளானதுக்குப் பயப்பிட வேண்டாம், அம்மா. அது சாயம். வேலையை விட்டால் மெல்ல மெல்லப் போயிடும். கண் மஞ்சளானதுதான் பயம். அது ஈரல். அந்தத் தூளும் புகையும் தோலாலையும் மூச்சாலையும் உள்ளுக்குப் போய் ஈரலைக் கெடுத்துப்போட்டுது."

"அது வெடிக்காதுன்னு சொன்னாங்களே," என்றேன். முட்டாள்தனமான கேள்விதான். அவர் சிரிக்கவில்லை.

அவர்தான் எனக்கு அந்த மருந்தின் கதையைச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முந்தி ஜெர்மனியில் ஒருவர் சாயம் செய்யப் போய் அதைக் கண்டுபிடித்தாராம். துணிக்கு மஞ்சள் ஏற்றத்தானாம். அது வெடிக்கும் என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. அவ்வளவு சோம்பேறியான மருந்து. தெரிந்த பிறகு சாயத்தை மறந்துவிட்டார்கள். முதல் யுத்தத்தில் சீமையில் ஆண்கள் எல்லாம் சண்டைக்குப் போய்விட, பெண்களைத் தொழிற்சாலையில் உட்காரவைத்துக் குண்டுக்குள் அதை அடைக்கச் சொன்னார்களாம். அந்தப் பெண்களின் முகமும் கையும் மஞ்சளாயின, முடி செம்பட்டையாயிற்று. ஊரார் அவர்களுக்கு மஞ்சள் குருவிகள் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டார்களாம். சில பேர் ஈரல் கெட்டுச் செத்தும் போனார்கள்.

"சில பேருக்குப் பிறந்த பிள்ளையளும் மஞ்சளாத்தான் பிறந்ததுகள்," என்றவர், சட்டென்று என்னைப் பார்த்தார். "இவரின்ர உடுப்பு தோய்க்கிறது நீங்கள்தானே? நீங்கள் இப்ப பிள்ளைத்தாச்சியோ?"

"இல்லைங்க."

"பிள்ளையள் இருக்கினமோ?"

"இருந்துச்சு," என்றேன்.

அவர் சீட்டில் எதையோ எழுதிவிட்டு எழுந்தார். கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த இவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

டாக்டர் போனதும் இவர் கேட்டார். "என்னா புள்ளையா இருந்துச்சு?"

சயாமுக்கு அவரைக் கூட்டிப்போனபோது நான் மாசமாக இருந்தேன். அவர் திரும்பி வந்தபோது நான் மட்டும் இருந்தேன். அவர் அன்றைக்கு என் வயிற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், குளிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசவே இல்லை. அவர் சயாமைப் பற்றிச் சொல்லவில்லை, நான் பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. அப்படியே பல வருஷம் ஓடிவிட்டது.

"பொம்பளப் புள்ள," என்றேன்.

"எவ்ளோ நாள் இருந்துச்சு?"

"ஒக்காந்துச்சு. தவழ ஆரம்பிச்சிருந்துச்சு. காய்ச்ச வந்திச்சு. மருந்து கெடைக்கல."

"எதுல சுத்துன?"

ஜப்பான் காலத்தில் துணி கிடையாது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அப்படிக் கேட்டார்.

"கோணில. நல்ல கோணிதான். தொவச்சு வச்சிருந்தேன்."

அவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்கக்கூட இல்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன். அவர் அழுகிறார், நான் துடைக்கிறேன் என்பது தெரிந்தது. வேறொரு பெண் வேறொரு ஆணுக்குச் செய்வதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பக்கத்து வார்டில் அவரோடு வேலை செய்த சீனர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி எனக்கு அங்கேதான் பழக்கம். எங்களுக்குள் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய். அந்தப் பெண் ஒருநாள் என்னிடம், "உன் புருஷன் மஞ்சளாக இருந்தாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"என் புருஷன் மஞ்சளாகவே இல்லை," என்றாள். "வெள்ளையாக இருந்தார். நாளுக்கு நாள் வெள்ளையாகிக்கொண்டே போனார். அதனால் நல்லாத்தான் இருக்கிறார் என்று நினைத்துவிட்டேன்."

அவருக்கு உடம்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று என்று டாக்டர் பின்னால் எனக்குச் சொன்னார். அதே மருந்துதான், ஒருவருக்கு ஈரலைக் கெடுத்தது, இன்னொருவருக்கு ரத்தத்தை வற்றவைத்தது. அந்தச் சீனர் ஒரு காலையில் இறந்துபோனார். அவள் என் பக்கத்தில் பெஞ்சியில் வந்து உட்கார்ந்து, மடியில் இருந்த டிபன் கேரியரைத் திறந்து, அவருக்குக் கொண்டுவந்த கஞ்சியை எனக்குப் பாதி கொடுத்தாள். சூடாக இருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

இவர் பிழைத்தார். பார்லித் தண்ணீரும் குளுக்கோஸும் வெறும் கஞ்சியுமாக எத்தனையோ வாரம். ஒருநாள் கஞ்சியைக் குடித்துவிட்டு, "இன்னிக்குக் கசக்கல," என்றார். நர்ஸ் அம்மா கைதட்டினார். டாக்டர் வந்து கண்ணைப் பார்த்துவிட்டு, "இனிப் பயமில்லை," என்று என் தோளில் தட்டினார். "சரிங்க," என்றேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. செத்துப்போவார் என்று மனசு எப்போதோ எல்லாவற்றையும் கட்டி எடுத்து வைத்துவிட்டது, அதைத் திரும்ப அவிழ்க்கத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பற்றியே கொஞ்சம் பயம் வந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அந்தப் பயந்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தோம். செட்டி அம்மாள் எங்கள் பாதியையும் பெருக்கி, சாம்பிராணி போட்டு வைத்திருந்தார். சீனர் இறந்த பிறகு கொட்டகையை மூடிவிட்டார்கள். காண்ட்ராக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். மிச்சமிருந்த குண்டுகளையும் மருந்தையும் ராணுவம் வந்து ஒரே இடத்தில் குவித்து, ஒருநாள் முற்பகலில் வெடிக்கவைத்து அழித்தது. முன்கூட்டியே வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முதலில் தரை அசைந்தது. பிறகுதான் சத்தம். அலமாரித் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடின, ஒரு பீங்கான் கிண்ணம் விழுந்து உடைந்தது. தூரத்தில் கித்தாக் காட்டுக்கு மேலே கறுப்பாகப் புகை எழும்பிற்று. காஜா பேராங் முழுக்க நாய்கள் குரைத்தன. இவர் கையில் பிசைந்த சோற்றோடு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் நான் அத வெடிச்சுப் பாக்கறேன்," என்றார். "இவ்ளோ நாளு கையாலேயே அள்ளியிருக்கேன்."

நான் உடைந்த கிண்ணத்தைப் பொறுக்க எழுந்தேன். "நீ ஒக்காரு, கால்ல குத்திரும்," என்று சொல்லிவிட்டு, அவரே எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் துடைப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு டவுனில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் துணிக்கடைக் கிடங்கில் அவருக்கு வேலை கிடைத்தது. கனமானதைத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை முதலாளி மதித்தார். உட்கார்ந்து துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. எங்களுக்குப் பிறகு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். அவர் தலை நரைக்கும் வரைக்கும் இருந்தார்.

சீமையில் வெள்ளைக்காரனோடு பேசி முடித்துவிட்டு வந்த தலைவர்கள் சுதந்திரம் எப்போது என்று மலாக்காவில்தான் முதலில் சொல்லப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த அந்த நாளில், நாங்களும் கடலோரப் பாடாங் மைதானத்துக்குப் போனோம். அவ்வளவு ஜனத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கூட்டத்தில் இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆகிவிட்டோம். ஒரு மரத்தடியில் வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தது அந்தச் சீனப் பெண்தான். இரண்டு பிள்ளைகள் காலடியில் உட்கார்ந்திருந்தன.

என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நானும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் குரல் வந்தது. ஜனங்கள் கையைத் தூக்கி மெர்டேக்கா, மெர்டேக்கா என்று விடுதலைக் கோஷம் போட்டார்கள். பக்கத்தில் ஒருவர் அழுதுகொண்டே சிரித்தார்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று அவள் கேட்டாள். மைக்கில் வந்த மலாய் அவளுக்குப் பிடிபடவில்லை.

"அடுத்த வருஷம் நாடு நமக்கு வந்துவிடுமாம்."

"ஓ," என்றாள். அதற்குள் நாலைந்து பேர் கடலைக்குக் கையை நீட்டிவிட்டார்கள். அவள் ஒற்றையாளாகத் திணறினாள். நான் கீழே உட்கார்ந்து, அடுக்கி வைத்திருந்த பழைய பேப்பரை எடுத்துப் பொட்டலம் சுருட்டி ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.